சீமாட்டிக்கு மூச்சு முட்டக்கூடாது

மரம் மூச்சு விடும் என்று எனக்கு இந்த வயது வரை யாரும் சொல்லித் தரவில்லை. மனிதர்கள் மூச்சு விடுவார்கள், எங்கள் அக்கா மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டு விடுவாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். மீதியைப் பழம்பொருள் ஏல மன்றத்தார் வீடு தேடி வந்து கற்பித்தார்கள். நல்லா இருக்கட்டும் மகராசனுங்க.

அக்கா தையல்காரி. ஊரார் துணியைப் பிரித்து, சுருக்கி, இறக்கித் தைத்தே காலம் போனது. பஞ்சுத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் அவளுடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஏறவே கூடாதும்மா" என்றார். நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றால், லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பெரிய மனிதர்களெல்லாம் என் கைப்பட்ட லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள், என் கூடப்பிறந்தவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிறாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த நேரம் பார்த்து எங்கள் கட்டடத்திலேயே கீழ்வீடு காலியானது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்து அகலமாக ஒரு ஜன்னல். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுவிட்டால் வாடிக்கைக்காரர்கள் தெருவில் நின்றபடியே துணியை நீட்டிவிட்டுப் போகலாம். அக்கா அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் முன்பணம் கொஞ்சம் கனமாகவே கேட்டார். ஆனால் மனிதர் பேச்சில் தேன் ஒழுகும். "உங்களுக்கில்லாத வீடாக்கா? பணத்தைத் தயார் பண்ணுங்க. அதுவரைக்கும் வேற எந்த மனுசனுக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார். எந்த மனுசனுக்கும் கொடுக்கவில்லை.

பணத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே வழி மேசை. பிரெஞ்சுக்காரர்கள் செய்த பழைய எழுத்து மேசை. கப்பல் கேப்டன் ஒருவரின் விதவை, அக்காவிடம் வெகுகாலம் துணி தைக்கக் கொடுத்த அம்மாள், வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போகும்போது, "நீயே வச்சுக்கோ, நீதான் எதையும் வீணாக்க மாட்டே" என்று கொடுத்துவிட்டுப் போனது. வளைந்த கால்கள், ஓரமெல்லாம் பித்தளை, உடம்பு முழுக்கப் பூவும் கொடியும், வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையும். பெயின்ட் இல்லை. ஒவ்வொரு இதழையும் ஒவ்வொரு நிற மரத்தில் தோல் போல மெல்லிசாகச் சீவி, வெட்டி, பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறான் அந்தத் தச்சன். அழகுதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அக்கா அதன் மேல் ஒரு போர்வையை விரித்துத் துணி வெட்டுவாள், இஸ்திரி போடுவாள். வேலை முடிந்ததும் துடைத்து வைப்பாள்.

விற்பதற்கு முன் அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "போய்ட்டு வா தாயி, எனக்கு ஒரு ஜன்னல் வாங்கிக் குடு" என்றாள்.

மன்றத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைமை நிபுணர். படியேறி வரும்போதே மூக்கில் கைக்குட்டை. எங்கள் வீட்டில் அன்றைக்கு வெங்காயம் வதக்கியிருந்தது. என் மனைவி அவருக்கு அந்த நிமிஷமே கைக்குட்டை என்று பேர் வைத்துவிட்டாள், அவள் வைத்தால் மாறாது. இன்னொருவன் சின்னப் பையனாட்டம் இருந்தான், ஆனால் கல்யாணமானவன். அவன் கையில் ஈரப்பதம் அளக்கிற மீட்டர். அவன் மீட்டர் தம்பி.

இரண்டு பேரும் வாசலில் செருப்புக்கு மேல் துணி உறை மாட்டினார்கள். வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். பிறகு மேசை முன்னால் போய் நின்று தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றார்கள். நாங்களும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் நின்றோம்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்று என் மனைவி என் காதில் கேட்டாள்.

கைக்குட்டை திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "இவங்களை இவ்வளவு நாளா நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க?"

"மேசைன்னுதான்" என்றாள் அக்கா.

அவருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். "இனிமே அந்த வார்த்தை வேணாம்மா. எங்க மன்றத்து வழக்கப்படி இவங்க 'சீமாட்டி'. மெதுவாப் பேசுங்க. சத்தத்துல மரப் பதிப்பு அதிரும்."

பிறகு பரிசோதனை. ரகசிய இழுப்பறை ஒன்று உண்டு, பக்கவாட்டில் அழுத்தினால் திறக்கும். மனிதர் அதைக் கண்டுபிடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் உள்ளேயிருந்து ஏழெட்டுப் பொத்தான்களை எடுத்து வெல்வெட் பையில் போட்டார்.

"அது பக்கத்து வீட்டு வாத்தியார் சட்டைப் பொத்தான் சார். தொலைஞ்சிடும்னு போட்டு வச்சேன்" என்றாள் அக்கா.

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையைச் சுருக்குப் போட்டுக் கட்டினார். வாத்தியார் இன்னும் அந்தச் சட்டையை ஊக்குக் குத்திக்கொண்டுதான் போடுகிறார்.

மேல்பலகையில் ஒரு பழுப்புத் தழும்பு உண்டு. அடியில் அகலம், நுனியில் கூர்மை. கைக்குட்டை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பையனைக் கூப்பிட்டுக் காட்டினார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கேடயம். பிரபு குலத்துச் சின்னம். சூட்டுக்கோலால பொறிச்சிருக்காங்க."

"இஸ்திரிப் பெட்டி சார். கல்யாண அவசரத் துணி ஒண்ணு. யாரோ கதவைத் தட்டினாங்க, அப்படியே வச்சுட்டுப் போயிட்டேன். போர்வையையும் தாண்டிச் சுட்டுருச்சு." அக்காவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

கைக்குட்டை அவளை ரொம்பக் கருணையோடு பார்த்தார். "அம்மா, நான் இந்த வேலையில தலை நரைச்சவன். ஒரு சொந்தக்காரர்கூடத் தன் பொருளைப் புரிஞ்சுக்கிட்டு நான் பார்த்ததில்ல. புரிஞ்சிருந்தா எங்ககிட்ட ஏன் வரப்போறாங்க?"

அக்கா விஷயத்துக்கு வந்தாள். "எப்ப சார் விக்கும்? கீழ்வீட்டுக்கு முன்பணம் கட்டணும், எனக்குப் படி ஏற முடியல."

விக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் கைக்குட்டை மறுபடி மூக்குக்குப் போனது. "நாங்க விக்கிறதில்லம்மா. தகுதியான கைகள்ல சேர்க்கிறோம். பணங்கிறது அந்த வழியில தற்செயலா நடக்கிறது."

தற்செயலாக நடக்கிற பணத்தில் மன்றத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் தற்செயலுக்கு விடாமல் அச்சடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டோம். வேறு என்ன செய்வது, அவசரம் நம்முடையது.

நாளைக்கே வண்டி வரும் என்று நினைத்தோம். வண்டி வரவில்லை, ஏசி வந்தது.

"சீமாட்டியைச் சட்டுன்னு வெளிக்காத்துக்குக் கொண்டுபோனா பதிப்பு விரிஞ்சிடும்" என்று மீட்டர் தம்பி விளக்கினான். "மரம் மூச்சு விடும்மா. சுத்தமான, ஒரே சீரான காத்து பழக்கணும். கொஞ்சநாள் இங்கேயே தங்கட்டும்."

அது இருந்தது அக்காவின் அறையில். கதவிடுக்கில் ரப்பர் வைத்தார்கள், ஜன்னலை அடைத்தார்கள், சுவரில் ஏசி, தரையில் ஈரம் உறிஞ்சுகிற பெட்டி ஒன்று. அக்காவின் கட்டிலும் மெஷினும் சமையல்கட்டுக்கு வந்தன. மனுசி தூங்க வேண்டுமென்றால் நாங்கள் அடுப்பை அணைக்க வேண்டும். நாங்கள் சாப்பிட வேண்டுமென்றால் அவள் எழுந்திருக்க வேண்டும்.

பொறுத்துக்கொண்டோம். காரியம் ஆகும்வரை கழுதையானாலும் காலைப் பிடி என்பார்கள். இங்கே கழுதைக்குக் கையுறை வேறு.

அக்கா காலையிலும் மாலையிலும் ஆவி பிடிப்பாள். டாக்டர் சொன்னது. கொதிக்கிற தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, தலைக்கு மேல் துண்டைப் போட்டுக் குனிந்துகொண்டால் நெஞ்சு கொஞ்சம் இளகும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீட்டர் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். அறைக்குள் இருக்கிற மீட்டர் அவனுடைய அலுவலகத்தில் மணி அடிக்குமாம்.

"யாரு ஆவி விட்டது?"

துண்டுக்குள்ளிருந்து அக்கா தலையை நீட்டினாள்.

"அம்மா, இது சுவரைத் தாண்டிப் போகுதும்மா. சீமாட்டிக்கு ஆகாது. நீங்க வேணும்னா மொட்டை மாடியில போய்ப் பிடிச்சுக்கலாமே? நல்ல காத்தோட்டம்."

"மாடி ஏற முடியாமத்தான்டா இவ ஆவியே பிடிக்கிறா!" என்று நான் கத்திவிட்டேன்.

அவன் உதட்டில் விரலை வைத்தான். "அதிரும் சார்."

என் மனைவி வாய் சும்மா இருக்குமா? "ஏன் தம்பி, அண்ணிக்கு மூச்சு முட்டினா மணி அடிக்கிற மாதிரி மீட்டர் ஒண்ணு இருக்கா உங்ககிட்ட?"

பையன் உண்மையிலேயே யோசித்தான். "எங்க பிரிவுல இல்லம்மா" என்றான்.

வெங்காயம் வதக்குவது நின்றது, துணி உலர்த்துவது நின்றது, ஆவி நின்றது. அக்காவின் இருமல் மட்டும் நிற்கவில்லை. சீமாட்டி அந்தப் பக்கம் இலையசையாத குளிரில் கொலுவீற்றிருந்தாள். வெறுப்பு என்றால் எனக்கு அந்தக் கதவைப் பார்த்தாலே நாக்கில் கசக்கும்.

ஒருவழியாக இறக்குகிற நாள் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து படிக்கட்டில் யாரும் நடமாடக்கூடாது என்று கட்டடம் முழுக்க உத்தரவு. ஆறு ஆட்கள் வந்தார்கள். சீமாட்டியைப் பஞ்சு மெத்தையால் சுற்றி, பட்டைபோட்டுக் கட்டி, ஒரு படிக்கு ஒரு தடவை "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு திண்டு மெத்தை போட்டு வைத்திருந்தது. அங்கே அவளை இறக்கி இளைப்பாற விட்டார்கள். மீட்டர் தம்பி முழங்காலிட்டு அளவு பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அடுத்த படி.

அந்தத் திருப்பத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன், ஏறும்போது உட்கார்ந்து ஏறுகிறேன் என்று அக்கா வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! "வழியை அடைக்கும்க்கா" என்பார். இன்றைக்கு அதே வீட்டுக்காரர் ஒரு திண்டைத் தானே தட்டி உப்ப வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவளைக் கட்டடத்துக்குள் விடவில்லை. வெயிலில், எதிர்க்கடை வாசலில், தண்ணீர்க் கேன் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கூப்பிட்டபோது, "இருடா, நான் எப்படியும் மெதுவாத்தான் ஏறணும். அவ முதல்ல இறங்கட்டும்" என்றாள். அவளுக்கு இன்னும் அந்த மேசை மேல் கோபமே இல்லை. கோபப்படவும் மூச்சு வேண்டுமே.

கீழே வந்தது. வண்டி எங்கே என்று பார்த்தேன். வண்டி இல்லை. ஆறு பேரும் நேராகக் கீழ்வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "இது எங்க வீடு! எங்களுக்குன்னு பேசி வச்ச வீடு!"

"படி இறங்கின களைப்பு சார்" என்றார் கைக்குட்டை. "உடனே வண்டியில ஏத்தினா அதிர்ச்சி. தரைமட்டத்துக் காத்து அவங்களுக்குப் பழகணும். மன்றம் இந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கு. ஏலம் முடியறவரைக்கும்தான்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் திண்டைப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது? வாக்குக் குடுத்தீங்களே!"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நானும் குடும்பஸ்தன்தானே. முன்பணம் மொத்தமா வச்சிட்டாங்க. அதுவும் எப்பேர்ப்பட்ட குடித்தனம்! தண்ணி செலவு இல்ல, சொந்தபந்தம் வராது, சுவத்துல ஆணி அடிக்காது, பாத்ரூமே வேணாம். உங்க அக்கா நல்லவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா இருமுவாங்க இல்ல?"

எனக்குக் கை பரபரத்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏலம் வரைக்கும்தானேடா? பணம் அதுல இருந்துதானே வரணும்? நீ கெடுத்துராத."

மேலிருந்த ஏசியைக் கழற்றி இங்கே மாட்டினார்கள், ஜன்னலை அடைத்தார்கள். அக்கா எடுத்து வைத்திருந்த திரைச்சீலைத் துணியைவிட நல்ல திரை போட்டார்கள்.

ஏலத்துக்கு என் அக்கா தன் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தாள். பெரிய மண்டபம், நாற்காலியெல்லாம் வெல்வெட். நடுவில் ஒரு மேடை, மேடையில் விளக்கு, விளக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் சிவப்புத் துணி.

"மேசை எங்க?" என்று அக்கா கேட்டாள்.

சீமாட்டியைப் பிரயாணப்படுத்துவது உசிதமல்ல என்று மன்றம் முடிவு செய்துவிட்டதாம். அவள் இருக்க வேண்டிய இடத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். சிலர் கிட்டே போய், வெற்றிடத்தைச் சுற்றி வந்து, "என்ன நயம்!" என்றார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தாள்.

கைக்குட்டை பேசினார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும், அந்த மண்டபத்தில் சமையல் வாசனை இல்லை.

"சீமான்களே, சீமாட்டிகளே! ஒரு பொருளுக்குப் பெருமை எப்போது வருகிறது? அதை யாரும் பயன்படுத்தாதபோதுதான்! எழுதப்படுகிற மேசை வெறும் மரம். எழுதப்படாத மேசை, கலை. நமது சீமாட்டி ஒரு பிரபுவின் மாளிகையில் பிறந்தவர், அவர் நெற்றியில் குலச்சின்னம் சூடு போட்டுப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு ஒரு இருண்ட காலம். கத்தரிக்கோல்களின் நடுவே, நூல்கண்டுகளின் நடுவே, யாரோ சாதாரண மனிதர்களின் அன்றாடத் தேவைக்கு உழைக்கும் கதி அவருக்கு நேர்ந்தது. அந்த ஆண்டுகளை எங்கள் வரலாற்றுக் குறிப்பிலிருந்து அகற்றிவிட்டோம். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது. எங்கள் மன்றம் மனிதர்களிடமிருந்து பொருட்களைக் காப்பாற்றுகிறது. மனிதர்களுக்கென்ன, பிறந்துகொண்டே இருப்பார்கள்!"

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. அக்காவும் தட்டினாள். யாரைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இருமல் வந்துவிட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. ஒருவர் வந்து குனிந்து, இருமலை வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தபோது உள்ளே சுத்தியல் தட்டினார்கள்.

வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? பழம்பொருள் பாதுகாப்பு அறக்கட்டளை. அதன் தலைவர் யார்? கைக்குட்டை. இந்தக் கையால் விற்று அந்தக் கையால் வாங்கியிருக்கிறார், இரண்டு கையிலும் கையுறை. ஏசி, மெத்தை, திண்டு, ஆறு ஆள், கீழ்வீட்டு வாடகை எல்லாம் எங்கள் பங்கில் கழித்துக்கொண்டார்கள். கழித்தும் முன்பணத்துக்கு மீதி இருந்தது என்பதுதான் அக்காவுக்கு முக்கியம்.

மறுநாளே வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றோம். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "இந்தாங்க தம்பி. எப்ப காலி பண்ணுவாங்க?"

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "அது வந்துக்கா... அவங்க நீட்டிட்டாங்க."

"எதை?"

"குடித்தனத்தை. வாங்கினவங்க அங்கேயே வச்சுக்கிறதா முடிவாம்."

மன்றத்துக்கு ஓடினேன். கைக்குட்டை என்னை நிற்க வைத்தே பேசினார், நாற்காலிகளெல்லாம் காட்சிப் பொருட்களாம். "இன்னொரு பெயர்ச்சி அவங்க தாங்க மாட்டாங்க சார். மாடியில இருந்து இறங்கினதே அவங்க வயசுக்குப் பெரிய விஷயம். அந்த வீடு எங்க எதிர்பார்ப்புக்கும் மேல பொருத்தமா இருக்கு. படி ஏற வேணாம், இறங்க வேணாம், தெருப் பார்த்த ஜன்னல். அடைச்சிருக்கோம்னாலும் ஜன்னல் ஜன்னல்தானே? இந்த வயசுல அவங்களுக்கு வேற என்ன சார் வேணும்?"

"எங்க அக்காவுக்கும் அதேதான்யா வேணும்!"

"அவங்களை வேற எங்கேயும் நகர்த்தலாமே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அந்த மனுசனுக்கு அது நியாயமாகவே பட்டது.

நகர்த்தலாம்தான். தூரத்தில் வேறு தெருவில் கீழ்வீடு பார்த்தோம். ஆனால் தையல்காரிக்குத் தெருதான் சொத்து. யாருக்குத் தோள் இறக்கம், யாருக்கு ஒரு கை நீளம் என்று இந்தத் தெருவே அக்காவின் கைக்கு மனப்பாடம். அந்தத் தெருவில் அவள் யார்? "பாப்போம்டா, அவங்களும் மனுசங்கதானே, மனசு மாறாமலா போயிடும்?" என்று சொல்லிச் சொல்லியே வெயில்காலம் வந்துவிட்டது.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வருகிறேன். பட்டப்பகல். படிக்கட்டின் கீழே, கீழ்வீட்டு வாசலில், அக்கா தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே ஓடினால், மயக்கமில்லை. கதவுக்கு அடியில் விரல் நுழைகிற அளவு இடுக்கு. அதன் வழியாக ஏசிக் காற்று ஜில்லென்று கசிகிறது. அக்கா முகத்தை அந்த இடுக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன்டா. ஏற முடியல. இங்க காத்து நல்லா வருது. சுத்தமா இருக்கு. கொஞ்சம் இரு, வர்றேன்" என்றாள்.

என் அக்கா. எனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவள். அவள் மேசையின் மிச்சக் காற்றைத் தரையில் படுத்து மோந்துகொண்டிருக்கிறாள்.

கதவு திறந்தது. மீட்டர் தம்பி. கையில் மீட்டர், முகத்தில் கவலை. "நினைச்சேன். கொஞ்ச நேரமா அளவு ஏறிக்கிட்டே இருக்கு. அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க மூச்சு உள்ள போகுதும்மா."

அக்கா படுத்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கே உள்ள போகலையே தம்பி. உன் மேசைக்கு மட்டும் எப்படிப் போகுது?"

பாவம், அது அவன் பிரிவு இல்லை. உள்ளே போய் ஒரு ரப்பர் பட்டையும் பசையும் எடுத்து வந்தான். முழங்காலிட்டான். அக்காவின் முகத்தை இடித்துவிடாமல், "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லி, இடுக்கை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அடைத்தான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். மீட்டரைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"இப்ப சரியாயிடுச்சு. சீமாட்டி நல்லா மூச்சு விடுறாங்க" என்றான்.

நான் அதிகம் படித்தவனில்லை. பேசத் தெரிந்திருந்தால் பேசியிருப்பேன். தொண்டையின் அடியிலிருந்து காறி, கதவில் பதித்திருந்த மன்றத்துப் பித்தளைத் தகட்டில் துப்பினேன். த்தூ!

மணி அடித்தது. எங்கிருந்துதான் வந்தார்களோ, உள்ளேயிருந்து இரண்டு பேர், தெருவிலிருந்து ஒருவர், கையுறை, பஞ்சு, சின்னப் புட்டி. தகட்டைச் சூழ்ந்துகொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். அக்கா கிடந்ததைத் தாண்டித்தான் வந்தார்கள்.

அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினேன். கனமே இல்லை. "இடுப்பு பிடிச்சுக்கும்டா, இறக்கி விடு" என்று முனகிக்கொண்டே வந்தாள். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒழுக்கம் சொல்லித் தந்தவள் அவள்தான். தெருவில் துப்பினால் தலையில் குட்டுவாள். இப்போது என்ன சொல்வாளோ என்று இருந்தது.

முதல் மாடித் திருப்பத்தில் என் தோளைத் தட்டினாள். நின்றேன். கீழே இன்னும் ஒற்றுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"எனக்கும் சேர்த்து... ஒண்ணு துப்பிட்டு வாடா. எனக்கு அதுக்கு மூச்சு இல்ல."

அவளைப் படியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கினேன்.